டோல்கேட்டில் நிற்காமல் போகிறோம், சரி. வேறு எங்கே நிற்கிறோம்?

கண்ணாடியை இறக்கி, சில்லறை எண்ணிக் கொடுத்து, ரசீதை வாங்கிச் செருகிவிட்டுக் கிளம்பிய பழைய டோல்கேட் காலம் திரும்ப வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அந்த வரிசையில் போன நேரமும் குடித்த புகையும் போதும். வண்டி நிற்காமலே கணக்கிலிருந்து டோலைக் கழித்துக்கொள்ளும் டேக் வந்தது பெரிய நல்ல காரியம். ஆனால் நெடுஞ்சாலையில் அடிக்கடி வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டோல்கேட்டில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம், நாம் கேட்காமலே நமக்காக இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. எவ்வளவு பணம் போகிறது என்பதைக் கையால் எண்ண வைத்தது. மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தவரை வேகம் குறைக்க வைத்து, கியர் மாற்ற வைத்து, இன்னொரு மனித முகத்தைப் பார்க்க வைத்து, கொஞ்சம் உசுப்பியும் விட்டது. டேக் வந்ததும் இரண்டுமே போய்விட்டன. இனி அந்த இரண்டையும் ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் பார்த்துக்கொள்வதில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஒரு சிறு கருவி, சாலையோரத்தில் அதைப் படிக்க இன்னொரு கருவி, கணக்கில் பணம் ஏறிக்கொள்ளும் என்ற யோசனை இன்று நேற்று வந்ததில்லை. 1959-இலேயே வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர், வாஷிங்டன் நகரத்தின் நெரிசலைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். அன்றைக்கு அது நடக்காத காரியமாகத் தெரிந்தது. 1980-களின் கடைசியில் நார்வே, இத்தாலி, அமெரிக்காவின் டல்லாஸ் என்று தொடங்கி, 1997-இல் கனடாவின் டொராண்டோ பக்கத்து 407 நெடுஞ்சாலை சாவடியே இல்லாமல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் நகருக்குள்ளேயே மின்னணுக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. இப்போது இந்தியாவில் ஃபாஸ்டேக், அமெரிக்காவில் ஈசி-பாஸ், மலேசியாவில் டச் அண்ட் கோ, இத்தாலியில் டெலிபாஸ் என்று ஊருக்கு ஒரு பெயர். உள்ளே நடப்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

டோல்கேட் வரிசை என்பது வெறும் சலிப்பான விஷயமும் இல்லை, அது ஆபத்தான இடம். முழு வேகத்தில் வருகிற கனரக வண்டிகளுக்கு முன்னால் அசையாமல் நிற்கிற கார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு டோல்கேட்டில் நின்றிருந்த கார்கள்மேல் லாரி ஒன்று மோதி ஏழு பேர் இறந்தார்கள். மூன்றே ஆண்டுக்குள் அந்த நெடுஞ்சாலையில் டோலே எடுக்கப்பட்டுவிட்டது. 2003 அக்டோபரில் இலினாய் மாநிலத்தில் இன்னொரு டோல்கேட்டை நெருங்கும்போது, மெதுவாகப் போய்க்கொண்டிருந்த சிறு பேருந்தின் பின்னால் லாரி மோதி எட்டுப் பயணிகள் போனார்கள். வரிசை இல்லாமல் போனால் இந்த மாதிரி மரணங்கள் குறையும். மரணம் மட்டுமா? ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், ஈசி-பாஸ் வந்த பிறகு டோல்கேட்டுக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களின் பிரசவப் பதிவுகளை எடுத்து, சற்றுத் தள்ளி வசித்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் ஒவ்வொன்றும் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. 2011-இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்த பிறகு, டேக்கை யாராவது வெறும் பணம் பிடுங்கும் கருவி என்று திட்டினால் எனக்கு வருத்தமாகவே இருக்கும். நின்று நின்று நகர்கிற வண்டிகள் விட்ட புகையை, அந்தச் சாலையில் காலே வைக்காத யாரோ சுவாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சரி, இப்போது பணத்துக்கு வருகிறேன். ஏமி ஃபிங்கெல்ஸ்டீன் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் 2009-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மின்னணு முறையில் டோல் கட்டுகிறவர்களிடம் எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்டால், காசாகக் கட்டுகிறவர்களைவிட மிக அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. அதோடு நிற்கவில்லை. மின்னணு முறைக்கு மாறிய இடங்களில் கட்டணம், மாறாமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட 20 முதல் 40 சதவீதம் வரை கூடுதலாகப் போய் நின்றது என்று அவர் கணக்கிட்டார். யோசித்துப் பார்த்தால் புரியும். கையிலிருந்து போகாத பணம் கண்ணில் படுவதில்லை, கண்ணில் படாத பணத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. ஆகவே டோல் கணக்கை மாதம் ஒருமுறையாவது திறந்து வரிவரியாகப் பார்ப்பதை நான் கஞ்சத்தனமாக நினைக்கவில்லை. பொதுச் சாலைக்குக் கட்டணம் கட்டுகிற குடிமகன் செய்ய வேண்டிய வேலை அது.

வரிவரியாகப் பார்க்கும்போது எதைத் தேட வேண்டும்? ஒரே சாவடியில் சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை பணம் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், வண்டி வீட்டில் நின்ற நாளில் ஏதாவது கட்டணம் ஏறியிருக்கிறதா. ஏறியிருந்தால் உங்கள் நம்பர் பிளேட்டை வேறு யாரோ போலியாக மாட்டிக்கொண்டு ஓட்டலாம், அல்லது கேமரா ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கலாம். இரண்டுமே நடக்கிற விஷயங்கள்தான். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சாலைகளில் உள்ளே நுழைந்தது பதிவாகி வெளியே போனது பதிவாகாமல் விட்டால், பல இடங்களில் அதிகபட்ச தூரத்துக்கான கட்டணத்தைப் போட்டுவிடுவார்கள். வண்டியின் வகையும் முக்கியம். காருக்குப் போக வேண்டிய கட்டணம் வேனுக்கோ லாரிக்கோ உரிய கணக்கில் போயிருந்தால், டேக் வாங்கும்போது வகை தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று பொருள், அது ஒவ்வொரு பயணத்திலும் தொடர்ந்து நடக்கும். இப்படி எதைக் கண்டாலும் நாள், நேரம், சாவடியின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு உடனே முறையிட வேண்டும். சாவடியில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். படம் இருந்தால் வாக்குவாதம் சீக்கிரம் முடிந்துவிடும். தாமதித்தால் முறையீட்டுக்கான கெடு முடிந்துவிட்டது என்பார்கள்.

டேக் கணக்கில் வருகிற சிக்கல்களில் பெரும்பாலானவை தொழில்நுட்பச் சிக்கலே கிடையாது. பேலன்ஸ் தானாக ஏறும்படி வைத்திருந்த கார்டு காலாவதியாகியிருக்கும். அல்லது பேலன்ஸ் குறைகிறது என்ற எச்சரிக்கை, எப்போதோ விட்டுவிட்ட பழைய செல்போன் எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். வீடு மாறியிருப்போம், அபராத நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்து, நாம் பார்க்கும்போது தாமதக் கட்டணம் அசலைத் தாண்டியிருக்கும். வண்டியை விற்றிருப்போம், டேக்கைக் கழற்றி மூடாமல் விட்டிருப்போம், வாங்கியவரின் பயணமெல்லாம் நம் கணக்கில் ஏறும். அவர்மேல் குற்றமே இல்லை, கண்ணாடியில் ஒட்டியிருப்பதுதான் அவர் வண்டியோடு போகிறது. வண்டி விற்கும் நாளில் சாவி கொடுப்பதற்கு முன்பே டேக்கை எடுத்து, கணக்கிலிருந்து அந்த வண்டி எண்ணை நீக்கிவிட்டுத்தான் கைகுலுக்க வேண்டும் என்பேன். வாடகைக் கார் எடுக்கிறவர்கள் டோல் எப்படிக் கழியும் என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் டோலோடு சேர்த்துச் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒன்று போடும். அது டோலையே மிஞ்சும் அளவுக்கும் இருக்கும்.

டேக் ஒட்டுகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேடியோ அலைதான் வேலை செய்கிறது என்பதால் உலோகம் அதற்கு எதிரி. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடி சில கார்களில் வருகிறது, அதில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டினால் சாவடிக் கருவியால் டேக்கைப் படிக்க முடியாது. அந்த மாதிரிக் கண்ணாடிகளில் பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சு இல்லாத சிறு பகுதி விட்டிருப்பார்கள், பெரும்பாலும் புள்ளிபுள்ளியாகத் தெரியும், வண்டியின் கையேட்டில் எங்கே என்று இருக்கும். டேக்கை டாஷ்போர்டில் போட்டு வைத்து, சாவடி வந்ததும் ஒரு கையால் எடுத்துக் காட்டுவது கூடவே கூடாது. படிக்கிற கோணம் சரியாக அமையாது என்பது ஒரு பக்கம், கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டிய நேரத்தில் எதையோ துழாவிக்கொண்டிருக்கிறது என்பது இன்னும் முக்கியம். ஒரே வண்டியில் இரண்டு டேக் இருந்தால் இரண்டுமே படிக்கப்படலாம், பழையதை எடுத்துவிடுங்கள். பேட்டரி உள்ள டேக் என்றால் அதற்கும் ஆயுள் உண்டு, சில வருடங்களில் தளர்ந்துபோகும். அடிக்கடி படிக்காமல் போனால் கணக்கைக் குறை சொல்லுமுன் டேக்கை மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு புது ஆபத்து செல்போனுக்கே வருகிறது. உங்கள் டோல் பாக்கி இருக்கிறது, இன்றைக்குள் கட்டாவிட்டால் அபராதம், இந்த இணைப்பைத் தொட்டுக் கட்டுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி. 2024 மார்ச் தொடங்கி ஏப்ரல் நடுவுக்குள் இப்படி வந்த போலிச் செய்திகளைப் பற்றி 2,000-க்கும் மேல் புகார்கள் வந்ததாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. இப்போது எந்த நாட்டுக்காரருக்கு வேண்டுமானாலும் இது வரலாம். மோசடிக்காரன் நம்பியிருப்பது ஒன்றே ஒன்றைத்தான்: நம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மாதாமாதம் கணக்கைப் பார்க்கிறவரை இந்தச் செய்தி அசைக்காது. பாக்கி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், செயலியையோ அதிகாரப்பூர்வத் தளத்தையோ நீங்களே திறந்து பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் பெயரில் வண்டி இருந்தால் அவர்களிடம் இதை உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். அபராதம் என்ற வார்த்தைக்கு அவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

இனி சாலைக்கு வருவோம், எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான்.

சாவடியை நெருங்கும்போது எந்த லேன் என்பதைப் பலகை தெரிந்த உடனே முடிவு செய்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் பக்கத்து வரிசை சின்னதாகத் தெரிகிறது என்று மூக்கை நுழைப்பவர்கள்தான் அங்கே பெரும்பாலான உரசல்களுக்குக் காரணம். லாரிக்கு முன்னால் வெட்டி நுழைந்தால், அவர் பிரேக் அடிக்க விட்டுவைத்திருந்த இடத்தை நாம் தின்றுவிடுகிறோம். முன்வண்டியின் டேக் படிக்காமல் போகலாம், தடுப்புக் கம்பி திறக்காமல் இருக்கலாம், ஆகவே அவர் போய்விடுவார் என்று நம்பிப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. உங்கள் டேக் படிக்கவில்லையா, ரிவர்ஸ் எடுக்காதீர்கள். எத்தனை ஹார்ன் சத்தம் கேட்டாலும் ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு ஊழியர் வரும்வரை இருங்கள். அந்த ஊழியர் லேன்களைக் கடந்து நடந்து வருகிறார் என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்து லேனில் நிற்காமல் போகும் வசதி கிடைத்தவர் வேகத்தையும் குறைக்காமல் போனால், இந்த மனிதர் எங்கே ஒதுங்குவார்? சாவடியே இல்லாத, தலைக்கு மேலே கேமரா வளைவு மட்டும் உள்ள சாலையில் இன்னொரு ஆபத்து. கணக்கில் பணம் இருக்கிறதா என்ற சந்தேகம் வளைவின் கீழே போகும்போது வந்து, சிலர் சட்டென்று பிரேக்கில் காலை வைக்கிறார்கள். அங்கே தயங்கி எந்தப் பயனும் இல்லை. கேமரா எண்ணைப் பிடித்துவிட்டது, அப்படிப்பட்ட சாலைகளில் பெரும்பாலும் சில நாள் அவகாசத்தில் பிறகு கட்டிக்கொள்ள வழி உண்டு. பின்னால் வருகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

சாவடி தாண்டிய உடனே வருகிற இடமும் அப்படித்தான். பத்து லேன் மூன்றாகச் சுருங்கும், எல்லோரும் ஒரே சமயத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். நான் அந்த இடத்தில் யாரையும் முந்துவதில்லை.

தூக்கம். இதைப் பற்றித்தான் உண்மையிலேயே கவலைப்படுகிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 28 மீட்டர் போகிறது. நாலு நொடி கண் சொருகினால் 110 மீட்டருக்கு மேல், ஓட்டுநர் இல்லாத வண்டி. கண் திறந்தபடியே கூட மூளை இப்படி நொடிக்கணக்கில் அணைந்து போகும், ஓட்டியவருக்கே தெரியாது. நிற்காமல் போகும் சாலை இதற்குத் தோதான இடம்: நேர்கோடு, ஒரே சத்தம், ஒரே வேகம், குறுக்கே யாரும் இல்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் திறனுக்கு இறங்கிவிடுகிறது என்று 2000-இல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. காலை 6 மணிக்கு எழுந்து, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவு 11 மணிக்கு வண்டியை எடுக்கிறவர் கிளம்பும்போதே அந்த நிலையில்தான் இருக்கிறார், ஒரு சொட்டுக் குடிக்காமல். நள்ளிரவிலிருந்து விடியற்காலை 6 மணி வரையும், மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரையும் உடம்பு தானாகவே தூங்கப் பார்க்கும். எவ்வளவு பழகிய ஓட்டுநராக இருந்தாலும் உடம்புக்குள் ஓடும் அந்தக் கடிகாரத்தை மாற்ற முடியாது.

கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும், பாட்டைச் சத்தமாக வைத்தால் போதும் என்கிறவர்கள் நிறைய. பிரிட்டனில் ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் என்ற இரண்டு தூக்க ஆய்வாளர்கள் இதையெல்லாம் ஓட்டுநர்களை வைத்தே சோதித்தார்கள். குளிர்ந்த காற்றும் ரேடியோவும் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. வேலை செய்தது காபியும் குட்டித் தூக்கமும். காபியைக் குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் கண்ணை மூட வேண்டும். காஃபீன் வேலையைத் தொடங்க 20, 30 நிமிடம் ஆகும், அதற்குள் அந்தச் சிறு தூக்கம் முடிந்திருக்கும், இரண்டும் சேர்ந்து எழுப்பும். இதுவும் ஒரு படுக்கை கிடைக்கும் இடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான், இரவு முழுக்க ஓட்ட அனுமதிச் சீட்டு கிடையாது. அவர்களுடைய ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது வேறு. தூங்கி விழுந்தவர்களுக்கு, அதற்கு முன்பே தூக்கம் வருவது தெரிந்திருந்தது. யாரும் திடீரென்று தூங்கவில்லை. தெரிந்தும் தொடர்ந்து ஓட்டினார்கள்.

அதனால்தான் நிறுத்தங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் ஓய்வு என்று சொல்கிறது, எந்த ஊர்ச் சாலைக்கும் அது நல்ல கணக்கு. கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் அந்த இடங்களைக் குறித்துவிட்டால், களைத்த மூளையிடம் நிறுத்தலாமா வேண்டாமா என்று கேட்க வேண்டியதில்லை. களைத்த மூளை எப்போதும் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்றுதான் சொல்லும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. "தூக்கம் வருதா?" என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இல்லை என்பார்கள், அதில் ஒரு மானப் பிரச்சினை இருக்கிறது. "எனக்கு இறங்கணும், அடுத்த இடத்துல நிறுத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள், மறுபேச்சு இல்லாமல் நிறுத்துவார்கள். காரணம் உங்களுடையதாக இருக்கட்டும். ஓட்டுகிறவருக்கு ஓய்வு கிடைத்தால் சரி.

வேகத்தைப் பற்றி ஒரு விஷயம். நீண்ட நேரம் வேகமாகப் போன பிறகு நம் கண் அந்த வேகத்துக்குப் பழகிவிடும். வெளியேறும் வழியில் இறங்கும்போது 80-இல் போவது 50-இல் போவதுபோல் இருக்கும், வளைவு வந்த பிறகுதான் உண்மை தெரியும். அந்த இடத்தில் மனதை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள். அதே விதிநூலில் உள்ள கணக்கு: உலர்ந்த சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நிற்க 53 மீட்டர் வேண்டும், 112-இல் போனால் 96 மீட்டர். வேகம் கூடியது 40 சதவீதம், தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எல்லாத் தொடர் மோதல்களிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நாம் அதே கம்பத்தைத் தாண்ட இரண்டு நொடியாவது ஆக வேண்டும், மழையில் நாலு நொடி. இடைவெளி விட்டால் யாராவது வந்து நுழைவார்கள்தான். நுழையட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள், ஊர் போய்ச் சேரும் நேரத்தில் அதனால் பெரிய வித்தியாசம் வராது.

டயர் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் நீண்ட வேக ஓட்டத்தில் சூடேறி வெடிக்கும். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். போடாதவர் மோதலின்போது முன்னால் இருப்பவர்மேல் போய் விழுகிறார், இரண்டு பேருக்கும் ஆபத்து. செல்போனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் டோல் கழிந்ததும் டிங் என்று வரும் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்க்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எவ்வளவு கழிந்தது என்பதை ஓய்வு நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

வெளியேறும் வழியைத் தவறவிட்டால் அடுத்த வழி வரை போவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. கூடுதல் டோல் ஆகும், அரை மணி நேரம் போகும், போகட்டும். ஓரத்தில் நிறுத்தி ரிவர்ஸ் வருகிறவரைப் பின்னால் வருகிற ஓட்டுநர் முன்னே போகும் வண்டியாகத்தான் நினைப்பார். நினைத்ததை மாற்றிக்கொள்ள அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி.

வண்டி பழுதாகி நின்றுவிட்டால் முடிந்தவரை ஓரமாக ஒதுக்கி, ஹசார்டு விளக்கைப் போட்டு, வண்டிகள் போகாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரும் இறங்குங்கள். சாலையோரத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், வண்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி, வாகனங்கள் வரும் திசையைப் பார்த்தபடி நில்லுங்கள். காருக்குள் உட்கார்ந்து உதவிக்குக் காத்திருப்பதும், காருக்குப் பின்னால் நின்று டிக்கியைத் திறந்து துழாவுவதும் உயிரைப் பணயம் வைப்பது. சாலையை நிர்வகிப்பவர்களின் உதவி எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே செல்போனில் சேமித்து வைத்திருந்தால், நின்ற இடத்தில் தேட வேண்டியிருக்காது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அக்கம்பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, பாலம் தெரிகிறது என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. சாலையோரக் கல்லிலோ பலகையிலோ உள்ள கிலோமீட்டர் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் திசை தெரியாமல் எதிர்ப்பக்கத்துக்கு உதவி வண்டியை அனுப்பிவிட்டால், அது சுற்றிக்கொண்டு வர அடுத்த திருப்பம் வரை போயாக வேண்டும்.